மெயில் போனது என்கிறது லாக், இன்பாக்ஸில் இல்லை: மெசேஜ்-ஐடியை நீங்கள் எப்படி உருவாக்குகிறீர்கள்?

மேல்காற்று (நாகர்கோவில்)

வணக்கம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் சில பழைய காற்றாலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எழுதியவர் வேறு ஒருவர், வேலையை விட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு காத்தாடிக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி, ஒரு 4ஜி மோடம். காற்றாலை நின்றாலும், கரண்ட் போய் வந்தாலும் உரிமையாளருக்கு மெயில் போகும். உரிமையாளர்களில் பாதிப்பேர் கோவை, திருப்பூரில் இருக்கிறார்கள். மெயிலைப் பார்த்துத்தான் சர்வீஸ் ஆளுக்கு போன் போடுவார்கள்.

சில மெயில்கள் அவர்களுக்கு வருவதே இல்லை. பெட்டியிலிருந்து எங்கள் அலுவலக சர்வருக்கு வந்திருக்கிறது, அங்கிருந்து வெளியே போயிருக்கிறது, எதிர்ப்பக்க சர்வர் 250 என்ற ஏற்புக் குறியீட்டைச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பாமிலும் இல்லை. மே கடைசியில் மேற்குக் காற்று ஏறியதிலிருந்து இது அதிகம்.

நிரலைத் துழாவியதில் கண்ணில் பட்டது மெசேஜ்-ஐடி, அதாவது ஒவ்வொரு மெயிலுக்கும் ஹெடரில் வைக்கும் அடையாளம், உருவாக்கும் இடம். விநாடிக் கணக்கில் நேரம், ஒரு புள்ளி, பிராசஸ் எண், அப்புறம் @ போட்டு ஹோஸ்ட்நேம். இப்படி இருக்கும்: 1718354861.412@ராஸ்பெரிபை. நேரத்தோடு பிராசஸ் எண்ணைச் சேர்ப்பது மெயில் வடிவத்துக்கான தர ஆவணம் ஆர்.எஃப்.சி 5322-லேயே உதாரணமாகச் சொல்லப்பட்ட வழிதானே? பிழை இங்கேதானா, நான் வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?

வடசேரி_டெர்மினல்

தம்பி, மூன்று கேள்வி. எல்லாப் பெட்டிக்கும் எஸ்.டி கார்டு ஒரே இமேஜிலிருந்து எழுதியதா? ஹோஸ்ட்நேமை யாராவது மாற்றினார்களா? பெட்டியில் பேட்டரி வைத்த கடிகாரம் தனியாக உண்டா?

பதில் தேடும்போதே அலுவலக சர்வரின் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) லாகில் மெசேஜ்-ஐடி வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, இரட்டையாக வருபவை எவை என்று பாருங்கள். கிரெப், சார்ட், யூனிக் மூன்று கட்டளையும் போதும்.

மேல்காற்று

ஒரே இமேஜ். ஹோஸ்ட்நேம் எல்லாவற்றிலும் ராஸ்பெரிபை என்றே இருக்கிறது, அண்ணாச்சி. கடிகாரம் கிடையாது.

லாகில் இரட்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. இரண்டு வகை. கிரிட் போகும்போது வரிசையில் உள்ள காற்றாலைகள் எல்லாம் ஒரே விநாடியில் நிற்கின்றன. அப்போது வெவ்வேறு பெட்டிகளிலிருந்து ஒரே ஐடி. இது புரிகிறது. ஹோஸ்ட்நேம் ஒன்று, விநாடி ஒன்று, பிராசஸ் எண் மட்டும்தான் வேறாக வேண்டும், அதுவும் பல நேரம் ஒன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது வகைதான் புரியவில்லை. ஒரே பெட்டி, ஒரே ஐடி, இரண்டு மெயில். மேலே நான் கொடுத்த ஐடியே அதுதான். இரண்டும் "கரண்ட் வந்தது" மெயில்கள். ஆனால் கரண்ட் உண்மையாகவே இரண்டு தடவை வந்தது, மூன்று நிமிட இடைவெளியில். ஒரே விநாடி எப்படி இரண்டு தடவை வரும்?

வடசேரி_டெர்மினல்

உங்கள் பெட்டியில் வரும்.

ராஸ்பெரி பை 3-ல் கரண்ட் போனால் நேரத்தை நினைவில் வைக்கும் சில்லு கிடையாது. (பை 5-ல்தான் போர்டிலேயே வைத்தார்கள், அதற்கும் பேட்டரியை நாம் வாங்கி மாட்ட வேண்டும்.) அதனால் பழைய இமேஜ்களில் போலிக் கடிகாரம் ஒன்று ஓடும். மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தைக் கார்டில் எழுதி வைக்கும். முறையாக ஷட்டவுன் செய்தாலும் எழுதும். திடீரென்று கரண்ட் போனால் எழுத நேரமிருக்காது. மறுபடி பூட் ஆகும்போது கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து கடிகாரம் நகரத் தொடங்கும். மோடம் சிக்னல் பிடித்து நேரம் சொல்லும் என்.டி.பி சர்வரோடு பேசிய பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும்.

உங்கள் ஐடியில் உள்ள 1718354861-ஐ நம் நேரத்துக்கு மாற்றினால் 2024 ஜூன் 14, பிற்பகல் 2:17:41. டெபியன் லினக்ஸில் மணிக்கொருமுறை வேலைகள் ஓடுவது 17-ம் நிமிடத்தில். இப்போது பொருத்திப் பாருங்கள். 2:17:01-க்கு நேரம் கார்டில் பதிவாகிறது. அப்புறம் எப்போதோ கரண்ட் போகிறது. 3:02-க்கு வருகிறது என்று வையுங்கள். பெட்டி தன் கணக்கில் 2:17:01-ல் எழுந்து, 40 விநாடியில் உங்கள் நிரலைத் தொடங்கி, மெயிலை உருவாக்கி லோக்கல் க்யூவில் போடுகிறது. மோடம் இன்னும் டவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் மறுபடி கரண்ட் போய் 3:05-க்கு வருகிறது. மறுபடி 2:17:01, மறுபடி 40 விநாடி, மறுபடி 2:17:41. இமேஜ் ஒன்று, பூட் வரிசை ஒன்று, ஆகவே பிராசஸ் எண்ணும் 412 என்றே வந்துவிடுகிறது. முதல் மெயில் க்யூவில் பத்திரமாக இருக்கிறது. சிக்னல் வந்ததும் இரண்டும் சேர்ந்து கிளம்புகின்றன. அந்த மெயில்களின் டேட் ஹெடரையும் பாருங்கள், அதிலும் 2:17 என்றே இருக்கும்.

250 என்பதற்கு "இனி இது என் பொறுப்பு" என்று மட்டும்தான் அர்த்தம். இன்பாக்ஸில் வைத்தேன் என்று அது சொல்லவில்லை. ஐடி ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் "இதே மெயிலின் இன்னொரு பிரதி" என்று எடுத்துக்கொண்டு காட்டாமல் விடும் சர்வர்கள் உண்டு. சைரஸ் ஐமேப் என்ற மெயில் சர்வரில் இதற்கென்றே டூப்ளிகேட் சப்ரெஷன் (பிரதியைத் தவிர்த்தல்) இருக்கிறது. ஜிமெயிலும் ஒரே ஐடியோடு வரும் பிரதிகளை ஒன்றாக்கும். அவர்கள் செய்வது தவறில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னது உங்கள் பெட்டி.

ஆர்.எஃப்.சி உதாரணம் பற்றி: நேரம், பிராசஸ் எண், டொமைன் என்ற கூட்டு, ஒழுங்கான கடிகாரமும் தனிப் பெயரும் உள்ள ஒரு கணினியை மனதில் வைத்துச் சொன்னது. உங்களுக்கு இரண்டுமே இல்லை. அதே ஆவணத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை: ஐடியை உருவாக்குபவரே அது தனித்தது என்பதற்கு உத்தரவாதம் தர வேண்டும். வழி எதுவாகவும் இருக்கலாம்.

மார்த்தாண்டம்_தேன்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு அண்ணன்? தனி அடையாள எண்ணான யூ.யூ.ஐ.டி-யில் பதிப்பு 4 போட்டு, @ பக்கத்தில் கம்பெனி டொமைனைப் போட்டால் ஒரே வரியில் முடிந்தது. 122 ரேண்டம் பிட். கடிகாரம் பொய் சொன்னாலும் கவலை இல்லை.

நேரமும் உள்ளே தெரிய வேண்டும் என்றால் 2024 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி 9562-ல் பதிப்பு 7 இருக்கிறது: 48 பிட் மில்லிவிநாடி நேரம், 74 பிட் ரேண்டம். பதிப்பு 1 மட்டும் வேண்டாம். அதில் பொதுவாக நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியே போய் உட்காரும்.

குளச்சல்67

ரேண்டம், ரேண்டம் என்று எல்லோரும் பாடுகிறீர்கள். ரேண்டம் என்றால் மோதாது என்பதற்கு என்ன உறுதி? மெயிலின் தலைப்பு, உடல், நேரம் எல்லாவற்றையும் சேர்த்து ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்) எடுத்தால் உள்ளடக்கம் வேறென்றால் ஐடியும் வேறு. இன்னொரு லாபமும் உண்டு. அனுப்பும்போது நடுவில் அறுந்து, நிரல் மறுபடி முயன்றால் அதே ஹாஷ், அதே ஐடி. உங்கள் யூ.யூ.ஐ.டி-யில் மறுமுயற்சிக்குப் புது ஐடி விழும். வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் இரண்டு தடவை போகும்.

தக்கலை_கணக்கு

உறுதியைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

32 பிட் ரேண்டம் எண் என்றால் சுமார் 77,000 மெயிலுக்குள் ஏதோ இரண்டு மோத 50 சதவீத வாய்ப்பு. நாளுக்கு 1,000 மெயில் என்றால் இரண்டரை மாதம்தான். யூ.யூ.ஐ.டி நீளமாக இருக்கிறதென்று முதல் எட்டு எழுத்தை மட்டும் வெட்டி வைக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு எழுத்து சரியாக 32 பிட்.

64 பிட்டில் அதே 1,000 மெயிலை 100 வருஷம் அனுப்பினாலும் மொத்தம் மூன்றரைக் கோடி சொச்சம்; மோதும் வாய்ப்பு ஏறக்குறைய 28,000-ல் ஒன்று. 122 பிட்டுக்குக் கணக்குப் போடுவதே வீண். அதற்கு முன் கார்டு செத்திருக்கும், பெட்டி துருப்பிடித்திருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு உண்மையான ரேண்டத்துக்குத்தான். 2008 மே மாதம் வெளியே வந்த டெபியன் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள்) பிழை ஞாபகம் இருக்கும். ரேண்டம் என்று நம்பியதில் மாறியது பிராசஸ் எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு மொத்தம் 32,768 வாய்ப்புதான். நேரத்தை விதையாகக் கொடுத்து ரேண்டம் எண் எடுப்பவர்கள் 2:17:41 கதைக்கே திரும்பி வருகிறார்கள். கெர்னலிடமிருந்து நேராக வாங்க வேண்டும். பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல் அதைத்தான் செய்கிறது.

குளச்சல் அண்ணாச்சியின் ஹாஷ் இந்தப் பெட்டியில் நிற்காது. "17-ம் எண் காற்றாலை: கரண்ட் வந்தது" என்ற உடல் இரண்டு தடவையும் ஒன்றே. நேரம்தான் வித்தியாசம் காட்ட வேண்டும், அந்த நேரமும் ஒன்றே. ஹாஷும் ஒன்றாகத்தான் வரும்.

குளச்சல்67

ஒத்துக்கொள்கிறேன், நேரத்தை எடுத்துவிடலாம். பை ஒவ்வொன்றுக்கும் சீரியல் எண் உண்டு. அதோடு கோப்பில் ஒரு எண்ணியை வைத்து, மெயிலுக்கு ஒன்று கூட்டினால்? வாய்ப்பு, நிகழ்தகவு என்ற பேச்சே வேண்டாம்.

வடசேரி_டெர்மினல்

நல்ல யோசனைதான், கார்டு ஒழுங்காக இருந்தால். கரண்ட் வெட்டும் இடத்தில் எஸ்.டி கார்டில் எண்ணியை வைப்பது, ஓட்டைச் சட்டைப்பையில் சில்லறை போட்ட மாதிரி. எழுதியதாக நினைப்பீர்கள், கார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. எழுந்ததும் பழைய எண்ணே இருக்கும். எஃப்சிங்க் என்ற அழைப்பைப் போட்டு உடனே கார்டில் எழுதக் கட்டாயப்படுத்தலாம். அப்புறம் ஒருநாள் கார்டு கெட்டுப்போய் ஆள் வந்து புதுக் கார்டு மாட்டுவான். சீரியல் அதே, எண்ணி மறுபடி பூஜ்யம். போன வருஷத்து ஐடிகள் எல்லாம் திரும்ப வரும்.

மறுமுயற்சி பற்றி குளச்சல் சொன்னது மட்டும் முழுக்கச் சரி. இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். எத்தனை பிட் என்ற சண்டையில் அது அடிபட்டுப் போகக் கூடாது.

மெசேஜ்-ஐடியின் வேலை, வந்திருப்பது அதே மெயிலா, வேறு மெயிலா என்று பிறருக்குச் சொல்வது. அதை நீங்கள் முடிவு செய்யாமல் எந்த ஃபங்ஷனும் முடிவு செய்ய முடியாது. கரண்ட் இரண்டு தடவை வந்தால் அது இரண்டு செய்தி. ஐடியும் இரண்டு வேண்டும். ஒரே செய்தியை, மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி இணைப்பு அறுந்து, நான்கு தடவை அனுப்ப முயன்றாலும் அது ஒரே செய்தி. ஐடி மாறவே கூடாது. ஆக ஐடி பிறக்க வேண்டியது அனுப்பும் ஃபங்ஷனுக்குள் அல்ல, நிகழ்வு பதிவாகும் இடத்தில். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் அனுப்ப வேண்டியவற்றுக்கு ஒரு டேபிள் வையுங்கள். வரிசை எழுதும்போதே ரேண்டத்தில் ஐடி போட்டு அதே வரிசையில் சேமியுங்கள். அனுப்பும் நிரல் அதை எடுத்து ஒட்ட மட்டும் செய்யட்டும். ரேண்டமும் ஆச்சு, மறுமுயற்சியில் மாறாத ஐடியும் ஆச்சு.

இது புதிய ஞானம் ஒன்றுமில்லை. யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழு வலையமைப்பின் காலத்தில், 1986-ன் ஆர்.எஃப்.சி 977-லேயே, ஒரு சர்வர் அடுத்த சர்வரிடம் "இந்த ஐடி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். ஏற்கெனவே வந்திருந்தால் வேண்டாம் என்று பதில் போகும். ஐடி ஒன்றாகிவிட்டால் இரண்டாவது கட்டுரை உலகத்தில் பாதி இடத்துக்குப் போய்ச் சேராது. மெயிலில் 1982-ன் ஆர்.எஃப்.சி 822 மெசேஜ்-ஐடியைக் கட்டாயமாக்கவே இல்லை. இருந்தால் நல்லது என்ற அளவில்தான் இருந்தது, அதனால் மெயில் ஆட்கள் அலட்சியமாகவே வளர்ந்தார்கள். 1998-ல் மேட் கர்ட்டினும் ஜேமி ஜவின்ஸ்கியும் மெசேஜ்-ஐடி உருவாக்குவது பற்றி ஒரு வரைவு எழுதினார்கள்: நேரம், 64 பிட் ரேண்டம், முழு டொமைன் பெயர். அது ஆர்.எஃப்.சி ஆகவில்லை. ஆனால் பைத்தானின் இமெயில் மாட்யூலில் உள்ள மேக்_எம்எஸ்ஜிஐடி இன்றும் ஏறக்குறைய அதே சமையல்தான்: நேரம், பிராசஸ் எண், 64 ரேண்டம் பிட், டொமைன். உங்களுக்கு முன் எழுதியவர் அதைக் கூப்பிட்டிருந்தாலே இந்த இழை இருந்திருக்காது. டொமைனை மட்டும் நீங்களே கொடுங்கள், இல்லையென்றால் அது ஹோஸ்ட்நேமைத் தேடப் போகும்.

பார்வதிபுரம்_பாலம்

ஒரு சந்தேகம். ஐடியே வைக்காமல் அனுப்பினால் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகப் போட்டுக்கொள்ளுமே? நம் தலைவலி எதற்கு?

தக்கலை_கணக்கு

பெட்டிக்குள்ளேயே சென்ட்மெயில் கட்டளை வழியாகக் கொடுத்தால் போடும். நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியிலிருந்து வருவதற்கு இயல்பான அமைப்பில் போடாது. தனியாகச் சொல்ல வேண்டும். அது போடுவதும் நேரம், க்யூ எண், ஹோஸ்ட்நேம். இந்தப் பெட்டிகளில் ஹோஸ்ட்நேம் எல்லாம் ஒன்று, நேரம் பொய், மிச்சம் க்யூ எண்தான் காப்பாற்ற வேண்டும். அதோடு ஐடி என்ன என்று உங்கள் நிரலுக்குத் தெரியாது.

ஐடி இல்லாமலே வெளியே விட்டால் அது வேறு கதை. ஸ்பாம் வடிகட்டியான ஸ்பாம்அசாசினில் அதற்கென்றே ஒரு விதி, ஸ்பாம் மதிப்பெண் ஏறும். ஜிமெயில் அப்படிப்பட்டவற்றைத் திருப்பி அனுப்பிய பதிலையும் பார்த்திருக்கிறேன்.

மேல்காற்று

"நிரலுக்குத் தெரியாது" என்பதில்தான் என் அடுத்த கேள்வி. "நின்றது", "மறுபடி ஓடுகிறது" என்ற இரண்டு மெயிலும் இன்பாக்ஸில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும் என்று ஒரு உரிமையாளர் கேட்கிறார். அதற்கும் இந்த ஐடிதானே?

இன்னொன்று, @-க்கு வலப்பக்கம் எதைப் போடுவது? பெட்டிக்கென்று டி.என்.எஸ் பதிவு எதுவும் இல்லை.

மார்த்தாண்டம்_தேன்

முதலாவது: ஆமா. "ஓடுகிறது" மெயிலில் இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் என்ற ஹெடர்கள் இரண்டிலும் "நின்றது" மெயிலின் ஐடியைப் போட வேண்டும். அண்ணாச்சி சொன்ன டேபிளில் ஐடி இருந்தால் எடுத்துப் போடலாம். ஆனால் தலைப்பை மாற்றினால் ஜிமெயில் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். தலைப்பு "17-ம் எண் காற்றாலை, நிறுத்தம்" என்றே இருக்கட்டும், நிலையை உடலில் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தேதியையும் தலைப்பில் சேர்த்தால் போன வாரத்தோடு ஒட்டாது.

இரண்டாவது: உங்கள் கையில் இருக்கும் டொமைன் எதுவானாலும் சரி. அந்தப் பெயரில் உண்மையில் ஒரு கணினி இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு யாரும் அதே வலப்பக்கத்தைப் போட்டு ஐடி தயாரிக்கக் கூடாது என்பதுதான் விஷயம். லோக்கல்ஹோஸ்ட், ராஸ்பெரிபை எல்லாம் ஊர் முழுக்கப் போடுகிற பெயர்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிப் பெயர்களையும் போட வேண்டாம். ஹெடரைத் திறக்கிறவனுக்கெல்லாம் உங்கள் உள் அமைப்பு தெரியும். பழைய ஜாவாமெயில் ஐடிகளில் அது ரூட்டாக ஓடுகிறது என்பதே வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள்.

பார்வதிபுரம்_பாலம்

நாங்கள் அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்.இ.எஸ் வழியாக அனுப்புகிறோம். நாம் என்ன ஐடி போட்டாலும் அது தன் ஐடியை மாற்றி வைக்கிறது. அப்படியென்றால் நம் டேபிளில் உள்ளது வெறும் அலங்காரமா?

வடசேரி_டெர்மினல்

அங்கே அப்படித்தான். அனுப்பியதும் அவர்கள் பதிலில் தரும் ஐடியை அதே வரிசையில் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ரெஃபரன்சஸில் போட வேண்டியது அது. உங்கள் ஐடியும் வேண்டும், ஏனென்றால் "இந்த வரிசை ஏற்கெனவே போய்விட்டதா?" என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேறு வழி இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 வழியாகப் போகும்போதும் சில இடங்களில் ஐடி மாறும். பழையதை வேறு ஹெடரில் வைத்திருக்கும்.

மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்தை நீங்களே போடுகிறவர்களாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கையெழுத்தில் மெசேஜ்-ஐடியும் சேர்ந்திருந்து, வழியில் யாராவது அதை மாற்றினால் கையெழுத்து செல்லாது. ஐடி மாறும் இடத்துக்கு அப்புறம் கையெழுத்துப் போட வேண்டும்.

குளச்சல்67

எல்லாம் சரி, கார்டில் எண்ணியை நம்பக் கூடாதென்றால் கார்டில் எஸ்க்யூலைட் டேபிளை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்? அதுவும் கரண்ட் வெட்டில் பின்னுக்குப் போகுமே.

தக்கலை_கணக்கு

போகலாம். ஆனால் விளைவு வேறு. எண்ணி பின்னுக்குப் போனால் அடுத்த புதுச் செய்தி பழைய ஐடியோடு போய்க் காணாமல் போகும். டேபிள் பின்னுக்குப் போனால் இரண்டு விதம். "அனுப்பியாச்சு" என்ற குறி மட்டும் அழிந்தால் அதே ஐடியோடு மறுபடி போகும், எதிர்ப்பக்கம் பிரதி என்று விட்டுவிடும், நஷ்டமில்லை. வரிசையே எழுதப்படாமல் போனால் மெயில் கிளம்பியிருக்காது; எழுந்ததும் நிரல் காற்றாலையின் நிலையைப் பார்த்துப் புது வரிசை போடும். எந்தப் பக்கம் தவறினாலும் உரிமையாளருக்குச் செய்தி போகிறது.

குளச்சல்67

ம். சீரியல் எண்ணை இடப்பக்கத்தில் ரேண்டத்துக்கு முன்னால் சேர்க்கச் சொல்வேன், அதை விடமாட்டேன். லாக் பார்க்கும்போது எந்தப் பெட்டி என்று உடனே தெரியும்.

மேல்காற்று

சீரியலுக்குப் பதில் காற்றாலை எண்ணைச் சேர்க்கிறேன், அது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். சோதனைக்கு ஒரு பெட்டியை மேசையில் வைத்து, மோடத்தைக் கழற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். பழைய நிரலில் க்யூவில் கிடந்த மெயில்களில் பாதிக்கு ஐடி ஒன்றே. டேபிளில் ரேண்டம் ஐடி போட்ட புது நிரலில் எல்லாம் வேறு வேறு. மோடத்தை மாட்டியதும் அத்தனையும் என் ஜிமெயிலுக்கு வந்து சேர்ந்தன. டேட் ஹெடர் இன்னும் 2 மணிக் கதைதான் சொல்கிறது. நேரம் சரியாகும் வரை அனுப்பாமல் நிறுத்தி வைப்பதா, பேட்டரிக் கடிகாரம் வாங்கி மாட்டுவதா என்று உரிமையாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.

இனி ஹோஸ்ட்நேமும் தனித்தனியாக வைத்துக் கார்டுகளைப் புதிதாக எழுதப் போகிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

வடசேரி_டெர்மினல்

இமேஜ் எடுக்கும் முன் மூன்று வேலை. பெட்டியின் தனி அடையாளம் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள், அழிக்க வேண்டாம். காலியாக இருந்தால் முதல் பூட்டில் பெட்டியே புதிதாக எழுதிக்கொள்ளும். எஸ்.எஸ்.ஹெச் ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிட்டு, முதல் பூட்டில் புதிதாக உருவாக ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி. சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கும் நிரல்) சேமித்து வைக்கும் ரேண்டம் சீட், அதாவது ரேண்டத்துக்கான விதைக் கோப்பையும் நீக்குங்கள். அப்புறம் ஒரே கார்டிலிருந்து இரண்டு பெட்டியைக் கிளப்பி, இரண்டிலும் மெஷின்-ஐடி வேறாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை எழுதுங்கள்.